மாதா வராத நாடகம்

பாத்தீங்களா தம்பி, அந்த போர்ட? பஸ்ஸு வளையும்போது கழுத்த நீட்டிப் பாத்தீங்களே, அதத்தான் சொல்லுதேன். பெர்த்தலே ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு விழா. முடிஞ்சு மாசமாகியும் எறக்கல. மேல ஒரு மூலையில தாடிவச்ச வெள்ளக்காரச் சாமியார், தபால்தல அளவுக்கு. நடுவுல ஆளுயரத்துக்கு ஒரு பொம்பள, கையில அகப்பையோட. ஆம்பளப் பிள்ளைக பள்ளிக்கூட வாசல்ல இது யாருடா, மெஸ்ஸு விளம்பரமான்னு நினைச்சிருப்பீங்க. மெஸ்ஸு இல்ல. அது என் பொஞ்சாதி. கித்தேரியம்மாள்.

சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் மதுரைக்குத்தான். சொல்லுதேன்.

என் பேரு புலவர் தஸ்நேவிஸ். அந்தப் பள்ளிக்கூடத்துல முப்பது வருஷத்துக்கு மேல தமிழ் வாத்தியார். வாத்தியார்னா பாடம் நடத்திட்டு வீட்டுக்குப் போற வாத்தியார் இல்ல. நாடகம், மேடை, திரை, தாடி, மீச எல்லாம் நான்தான். ஆண்டு விழான்னா தஸ்நேவிஸ் நாடகம். பிஷப்பே வந்து முன் வரிசையில உக்காருவாரு. இப்ப இருக்குற சாமிமாருக்கு அதெல்லாம் எங்க தெரியும்? இவங்களுக்கு ஸ்மார்ட் கிளாஸ் போதும். செவத்துல படம் ஓட்டிட்டா பாடம் நடத்தியாச்சு.

பள்ளிக்கூடத்து வரலாறு சொல்லாம இந்த அநியாயம் ஒங்களுக்குப் புரியாது. பெர்த்தலே சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். எங்க கடற்கரை ஊர்கள்ல காலரா வந்து வீடு வீடா சனம் செத்துக்கிட்டிருந்த காலம். அப்பனும் ஆத்தாளும் போயி அநாதையா நின்ன பயலுவள ஒரு தோணியில ஏத்திக்கிட்டு வந்து எங்க ஊர்க் கரையில எறங்குனாரு. ஓலக் கொட்டாய் போட்டாரு. அந்தக் கொட்டாய்தான் பள்ளிக்கூடம், அதான் போர்டிங், அதான் கோயில். இன்னைக்கு மூணு மாடி. வாசல் வளைவுல எழுதியிருக்கும், போர்டப் பாத்த அவசரத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க: 'தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தகப்பன் வீடு.' அதான் நோக்கம். ஆம்பளைய ஆம்பளையா ஆக்குறது. டாக்டர் ஆக்கியிருக்கோம், கலெக்டர் ஆபீசுல பெரிய அதிகாரி ஆக்கியிருக்கோம், கப்பல்ல கேப்டன் ஆக்கியிருக்கோம். சாமியார் எத்தன பேருன்னு கணக்கே இல்ல.

அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு சட்டம் உண்டு. மேடையில பெண் வேஷம் கூடாது. பயலுக்குச் சேல கட்டி விடுறது, சவுரி வைக்கிறது, கிறீச்சுன்னு பேச வைக்கிறது, அந்தக் கூத்தே ஆகாது. பெர்த்தலே சாமியார் வச்ச சட்டம்னு எனக்கு முந்துன தமிழய்யா சொன்னாரு. அவருக்கு, அவருக்கும் முந்துனவரு சொன்னாரு. நான் காப்பாத்துனேன். லேசுப்பட்ட வேலன்னு நினைக்காதீங்க. பொம்பள இல்லாம நாடகம் எழுதிப் பாருங்க தெரியும். என் நாடகத்துல அம்மாக்காரி எப்பவும் திரை தூக்குறதுக்கு முன்னாடியே செத்துருவா. தங்கச்சி பக்கத்து ஊருக்குக் கட்டிக் குடுத்தாச்சு. ராணியப் பத்தி மந்திரி வந்து சேதி சொல்லுவாரு, அவ்ளதான்.

கிறிஸ்து பிறப்பு நாடகத்துல என்ன செஞ்சீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. அதுதான் என் மூளை, பாத்துக்கிடுங்க. மாதா இல்லாம மாட்டுத்தொழுவம் எப்படி? சூசையப்பர வாசல்ல நிறுத்துனேன். இடையர்கள் ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு வருவாங்க. சூசையப்பர் கையை உயர்த்தி, 'உள்ளே உறங்குகிறார்கள், இடையர்களே. அரவம் செய்யாதீர்' அப்படிம்பாரு. அவ்ளதான். விளக்க அணைச்சு ஒரு நட்சத்திரத்த மட்டும் எரிய விட்டு, திரையப் போட்டுருவேன். கைதட்டு அடங்காது. என் மக ஜெசிந்தா சின்னதா இருக்கையில வருஷா வருஷம் வந்து பாப்பா. ஒரு தடவ வீட்டுக்கு வந்து, 'ஏம்ப்பா, மாதா எப்பப் பாத்தாலும் தூங்கிக்கிட்டே இருக்கா'ன்னு கேட்டா. தலையில ஒரு குட்டு வச்சேன். கலை தெரியாத பிள்ள.

என் பெரிய நாடகம் 'மணலில் விதைத்தவர்'. பெர்த்தலே சாமியார் சரித்திரம். திரை தூக்குனா கடற்கரை. சாமியார் ஒத்தையில நிப்பாரு. 'இந்த வெறும் மணலிலே நான் மனிதர்களை விதைக்கப் போகிறேன்'னு ஆரம்பிச்சு ஒரே மூச்சா பேசுவாரு பாருங்க, நீளமான வசனம், பயலுவளுக்கு மனப்பாடம் ஆகவே மாசக்கணக்கு ஆகும். நான் வீட்டுல வச்சுத்தான் சொல்லிக் குடுப்பேன். பள்ளிக்கூடத்துல சத்தம். சாயங்காலமானா இருபது முப்பது பயலுவ என் வீட்டு முற்றத்துல கெடப்பானுவ. கித்தேரி எல்லாத்துக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்துவா, தொவையல் அரைப்பா. சாமியார் அங்கிய அவதான் தச்சா. தேங்கா நாரச் சீவி, தேயிலத் தண்ணியில முக்கி தாடி செய்வா. எவனாவது வசனத்த விட்டுட்டா அடுப்படியிலருந்து எடுத்துக் குடுப்பா. நானே ரெண்டொரு தடவ விட்டிருக்கேன், அப்பவும் குடுப்பா. இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். வீடுன்னு ஒண்ணு இருந்தா இந்த வேலையெல்லாம் யாராவது செய்யத்தானே வேணும். அதுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா இந்தப் பயலுவளப் பாருங்க. பெரிய ஆளாகி, காருல வந்து எறங்குவானுவ. 'சாரம்மா இருக்காங்களா'ன்னு நேரா அடுப்படிக்குப் போவானுவ. நான் முன்னறையில நாற்காலியில உக்காந்திருப்பேன், 'ஐயா நல்லாருக்கீங்களா'ன்னு போற போக்குல ஒரு கும்பிடு. அந்த நீள வசனம் ஞாபகம் இருக்காலேன்னு கேட்டா தலையச் சொறிவானுவ. தொவையல் மட்டும் ஞாபகம் இருக்கும். தீனிப்பண்டாரங்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் புது தலைமையாசிரியர் வந்தாரு, ஃபாதர் ரொசாரியன். மீச கூட சரியா மொளைக்கல. அங்கி பூசைக்கு மட்டும்தான், மத்த நேரம் பேண்டு சட்ட, பைக்கு. வீட்டுக்கு வந்து, 'தமிழய்யா, ஜூபிலிக்கு ஒங்க நாடகம்தான்'னாரு. மனசு குளுந்துபோச்சு. பரவாயில்ல, பய மூஞ்சியப் பாத்து எடைபோடக்கூடாதுன்னு நினைச்சேன். அடுத்த வாய்லயே, 'அதுல மரியந்தாவச் சேக்கணும்யா' அப்படின்னாரு.

மரியந்தான்னா ஒங்களுக்கு வெளங்காது. எங்க போர்டிங்ல காலையில ஊத்துற கஞ்சிக்கு அந்தப் பேரு. 'மரியந்தா வந்தாச்சால?', 'எனக்கு இன்னொரு மரியந்தா ஊத்துல.' நான் படிக்கிற காலத்துலேயே அப்படித்தான். பயலுவ வாய்க்கு வந்தத வச்ச பேரு. நான் சொன்னேன், 'சாமி, கஞ்சிய எப்படி மேடை ஏத்துறது?' அவரு சிரிக்கல. கஞ்சிக்கு ஏன் ஒரு பொம்பள பேரு வந்துச்சுன்னு எனக்கு யோசன ஓடுனதே இல்லையான்னு கேட்டாரு. நான் ஏன் யோசிக்கணும்? இட்லிக்கு ஏன் இட்லின்னு பேருன்னா யோசிக்கேன்?

அந்த நேரம் பாத்து கித்தேரி டீ கொண்டுவந்தா. வச்சுட்டுப் போகவேண்டியதுதானே? அடுப்படி நெலயில சாஞ்சு நின்னுக்கிட்டு, 'மரியந்தாள் எங்க தெரு சாமி'ன்னு ஆரம்பிச்சா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு விதவையாம். கரையில அவளுக்கு ஒரு துண்டு நெலமும் ஓல வீடும் இருந்துச்சாம். காலரா ஊருலருந்து வந்த பயலுவன்னு எங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் அந்தத் தோணிய அண்ட விடலையாம். சாமியார் கரையில மண்டிபோட்டு அழுதாராம், பாத்துக்கிடுங்க, என் நாடகத்துல வீரமா வசனம் பேசுதாரே அதே எடத்துல. அவதான் பயலுவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அடுப்பு மூட்டுனாளாம். மொத பானை, அதுக்கப்புறம்தான் கொட்டாயாம். கடைசியில அவளுக்கும் காலரா வந்து போய்ச் சேந்தாளாம். பள்ளிக்கூடம் நிக்கிறதே அவ நெலத்துலதானாம். எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன். எழுதலையாம். தெருவுல உள்ள பொம்பளைக எல்லாருக்கும் தெரியுமாம்.

ஃபாதர் என்னைய ஒரு தடவ பாத்துட்டு, ஐயாகிட்ட இத நீங்க சொன்னதில்லையாம்மான்னு அவகிட்டக் கேட்டாரு.

"அவுக கேட்டதில்ல சாமி"ன்னா அவ.

ஒரு வெளி மனுஷன் முன்னால எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. கல்யாணம் கட்டி நாப்பது வருஷம் ஆகப்போகுது. சொல்லணும்னு நினைச்சிருந்தா சொல்லியிருக்கலாமே. நான் வீட்டுல பேசவிடாதவனா? காப்பி எங்க, வேட்டி எங்க, பேனா எங்கன்னு எந்நேரமும் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்.

நான் கறாராச் சொல்லிட்டேன். மேடையில பெண் வேஷம் கூடாது, அது சாமியார் சட்டம். ஃபாதர் சொல்லுதாரு, 'வேஷம் வேண்டாம்யா, பொம்பளையே வரட்டும்.' எப்படி மடக்குதாரு பாருங்க. கான்வென்டுப் பிள்ள எதையாவது கூட்டிட்டு வருவாரு, உளறி மானம் போகும், அப்புறம் எங்கிட்டத்தான் வருவாருன்னு விட்டுட்டேன். என் நாடகத்துல கை வச்சா நான் அந்த மேடைப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். மீன் கொழம்பு. கித்தேரி குழம்ப ஊத்திக்கிட்டே, "நான்தான் மரியந்தாளா வாரேன். ஃபாதர்கிட்டச் சொல்லிட்டேன்"னா.

கேக்கல தம்பி. சொன்னா. போகட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், விஷயம் முடிஞ்சிருக்கும். நான் கைய ஒதறிட்டு, நீ மேடையேறுனா நான் வரமாட்டேன்னு சொன்னேன்.

"வரவேண்டாம்"னா. இன்னொரு துண்டு மீனும் வச்சா. அதத் திங்கவும் செஞ்சேன், என்ன செய்ய, சோத்து மேல கோவப்பட முடியாதுல்லா.

விழாவுக்குப் போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். எப்படிக் கெடுக்காங்கன்னு பாக்கணும்ல, அதுக்காகப் போனேன். உள்ள போகல. சைக்கிள் ஷெட்டுப் பக்கம் நின்னேன், அங்கருந்து மேடை நல்லாத் தெரியும். என் வசனம், அவ்வளவு நீள வசனம், ரெண்டு வரியா வெட்டியிருந்தாங்க. ரெண்டே வரி. அந்த ரெண்டு வரியையும் சொல்லிட்டு சாமியார் மண்டிபோட்டுட்டான். அப்புறம் அவ வாரா. இடுப்புல பானை, கையில அகப்பை. சேலயாவது மாத்தியிருக்கக்கூடாதா? வீட்டுல கட்டுற அதே நூல்சேல. வசனம் ஒண்ணு கெடையாது. நடிப்பு? மருந்துக்கும் கெடையாது. மொகத்த சபைக்குக் காட்டணும்னுகூடத் தெரியாது, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டா. போர்டிங் பயலுவ வரிசையா உக்காந்தானுவ. இவ ஊத்துதா. அவனுவ தட்டத் தூக்கி நெசமாவே குடிக்கானுவ. கஞ்சி வாசன சைக்கிள் ஷெட்டு வரைக்கும் வருது. நாடகத்துல எவனாவது நெசக் கஞ்சி குடிப்பானா?

அதோட விட்டுச்சா? முன் வரிசையில விருந்தாளியா உக்காந்திருந்தான் லாரன்சு, கப்பல் கேப்டன்னு சொன்னேனே, அவன். எந்திரிச்சான். மைக்குல பேசப்போறான்னு நினைச்சேன். ஷூவக் கழட்டிப் போட்டுட்டு மேடையில ஏறி, அந்த வரிசக் கடைசியில சம்மணம் போட்டு உக்காந்துட்டான். கோட்டு சூட்டோட. இவ ஒண்ணும் கேக்கல, தட்டு ஒண்ண எடுத்து அவனுக்கும் ஊத்துனா. பெறவு ஒவ்வொருத்தனா ஏறுதானுவ. டாக்டரு, அதிகாரி, பேங்குக்காரன், நரைச்ச தலையெல்லாம். அழுதுக்கிட்டுக் குடிக்கானுவ. சபை எந்திரிச்சு நிக்குது. பிஷப் எந்திரிச்சு நிக்காரு. நாடகமா அது? பந்தி!

பெர்த்தலே சாமியார் வேஷம் போட்ட பய திருதிருன்னு முழிக்கான். அடுத்த வசனம் மறந்துபோச்சு அவனுக்கு. எனக்குப் பொறுக்கல. சைக்கிள் ஷெட்டுலருந்தே கத்துனேன், 'எழுந்திரு மகனே, இனி இதுவே உன் தகப்பன் வீடு'ன்னு. தொண்ட கிழியக் கத்துனேன் தம்பி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல.

வயித்தெரிச்சலான்னு கேக்காதீங்க. ஆமா, வயித்தெரிச்சல்தான். நான் வசனம் எழுதி எழுதி ஒருத்தனையும் அழவைக்க முடியல. இவ முதுகக் காட்டி உக்காந்து அத்தன பேரையும் அழவச்சுட்டா. அது நியாயமா?

வீட்டுக்கு வந்தா. மாலையெல்லாம் போட்டு விட்டிருந்தானுவ, அதக் கழட்டி மாதா படத்துக்குப் போட்டா. ஒரு வாத்தியாரா என் அபிப்பிராயத்தச் சொல்லணும்ல. சொன்னேன். நீ நடிக்கல, கஞ்சி ஊத்துன, அவ்ளதான்னேன்.

அவ திரும்பி என்னையப் பாத்தா. கோவமாக்கூட இல்ல.

"ஆமா, அவ்ளதான். இத்தன வருஷமும் அதானே செஞ்சேன்"னா.

மறுநாள் காலையில நான் பேப்பர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள மதுரைக்குப் போயிட்டா, ஜெசிந்தா வீட்டுக்கு. மக வீடுதானே, நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். மாசம் ஆச்சு. நான் என்ன சொல்லிட்டேன் அப்படி? உள்ளதச் சொன்னேன். போன் போட்டா ஜெசிந்தா எடுக்கா. அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, அம்மா குளிக்கா, அம்மா மாடியில துணி காயப்போடுதா. எந்நேரமும் எங்கயாவது ஒரு வேலை. இப்ப ஒரு வாரமா என் நம்பரப் பாத்தாலே எடுக்கிறதில்ல.

நான் கூப்பிடப் போகல, கேட்டுக்கிடுங்க. மூக்குக்கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டா, இந்தா பையில இருக்கு. இதக் குடுக்கத்தான் போறேன். புதுசு வாங்கிக் குடுத்தாச்சுன்னு மக சொன்னா. இருக்கட்டும், பழகுன கண்ணாடி மாதிரி வருமா? சாப்பாட்டுக்கு எனக்கென்ன கொற, ஓட்டல் இருக்கு. வீட்டுல காப்பிதான் போட முடியல. சீனி எந்த டப்பாவுலன்னு தெரியல. திறந்து பாத்தா உப்பு, இன்னொண்ணத் திறந்தா ரவை. டப்பா மேல பேரெழுதி வைக்கிற ஒழுங்கு அவளுக்குக் கெடையாது.

எங்க வந்திருக்கோம்? அருப்புக்கோட்டை தாண்டியாச்சா. தம்பி, ஒங்க போன்ல காசு இருக்கா? ஒரு உதவி. ஒங்க நம்பர்னா எடுப்பா. நீங்களே பேசுங்க. பெர்த்தலே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவன் பேசுதேன், சாரம்மாகிட்ட ஒரு வார்த்த பேசணும்னு சொல்லுங்க. பழைய மாணவன்னா அவ எந்திரிச்சு ஓடி வருவா. வந்த உடனே எங்கிட்டக் குடுத்துருங்க. நம்பர் சொல்லுதேன், போடுங்க.

மணி அடிக்குதா? எடுத்துட்டாளா? யாரு, ஜெசிந்தாவா? சொல்லுங்க, சொல்லுங்க, பழைய மாணவன்னு சொல்லுங்க. எந்த வருஷம்னு கேக்காளா? ஏதாவது ஒரு வருஷத்தச் சொல்லுங்க. பயப்படாதீங்க, அவ என்ன போயி பாக்கவா போறா. மெதுவாத்தானே பேசுதேன். என்ன கேக்கா? பக்கத்துல அப்பா இருக்காரான்னா? இல்லன்னு சொல்லுங்க.

வச்சுட்டாளா.

என்ன சொன்னா? இல்ல, அப்படியே சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.

'உள்ளே உறங்குகிறார்கள், இடையர்களே. அரவம் செய்யாதீர்.'

மணி பன்னெண்டுகூட ஆகல. இந்நேரத்துல அவ தூங்குனதே கெடையாது தம்பி. காய்ச்சல் வந்தப்பகூட இந்நேரம் அடுப்படியிலதான் நிப்பா.

ஜெசிந்தா நல்லாத்தான் சொல்லியிருக்கா. ஒரு சொல் பிசகல. அது என் வசனம்தானே.

அந்த வசனத்தக் கேட்டதுக்கு அப்புறம் இடையர்கள் என்ன செய்யணும்னு மட்டும் நான் எழுதவே இல்ல. வருஷா வருஷம் அந்த எடத்துல திரையப் போட்டுருவேன்.